ஐந்து நிமிட நினைவு: பழுதின் பதிவைப் பேணும் காலம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மன்னார் – பூநகரி வீதியில் அமைந்த வெள்ளாங்குளத்தில் வாழ்வோருக்கு இரணைதீவுக் கடல் அயற்கடலாகும். 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ்-24 ரக விமானம், சில நிமிடங்களில் தொடர்பிழந்து அக்கடலில் வீழ்ந்தது. பயணிகள் 48 பேரும் பணியாளர் 7 பேரும் அதில் இருந்தனர். போர் நிகழ்ந்த காலமாதலின் தேடுதல் இயலாதாயிற்று. சிதைவுகள் கிடந்த இடம் 2012ஆம் ஆண்டு ஒக்டோபரிலேயே கடற்படையினரால் கண்டறியப்பட்டது. இடையே 14 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இந்நிகழ்ச்சியை முதற்கண் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இக்கட்டுரை ஆராய முற்படுவது கணினி பற்றிய ஒரு சிறு வினாவையே. சாதனமொன்று செயலிழக்கும் வேளையில் அதன் உள்நிலையைப் படியெடுத்து வைக்கும் பதிவைப் பணிசெயல் முறைமை எவ்வளவு காலம் பேண வேண்டும்? பொறியியலாளர் தமக்குள் தீர்த்துக்கொள்ளத்தக்க நுணுக்கமாக இது தோன்றலாம். ஆயினும், பழுது நிகழ்ந்த கணத்துக்கும் அதனை விசாரிக்கவல்லார் வந்து சேரும் கணத்துக்கும் இடையேயுள்ள தொலைவை யார் அளப்பது என்பதே இவ்வினாவின் உட்பொருள்.

கிராஷ் டம்ப் எனப்படும் இப்பதிவின் வரலாறு பழையது. 1950களிலும் 60களிலும் கணினியின் நினைவகம் சிறு காந்த வளையங்களைக் கம்பியிற் கோத்து ஆக்கப்பட்டது. கோர் என்பது அதன் பெயர். மின்சாரம் நின்றாலும் அவ்வளையங்கள் தம் நிலையை இழப்பதில்லை. நிரல் முறிந்தால் நினைவகத்திலுள்ள எண்களைக் கடதாசியில் அச்சிட்டு, பென்சிலும் கையுமாக அமர்ந்து ஆராய்ந்தனர். எவரேனும் எடுத்து எறியும்வரை அக்கடதாசி கிடந்தது. பின்னர் யுனிக்ஸ் முறைமை அதே பதிவைக் கோர் என்னும் பெயரிலேயே கோப்பாக வட்டில் எழுதலாயிற்று. அதே கோப்பகத்தில் மற்றொரு நிரல் முறியுமாயின் புதிய கோப்புப் பழையதை அழித்துவிடும். வளையங்கள் மறைந்தன, பெயர் மட்டும் இன்றுவரை நிலைத்துள்ளது.

2014ஆம் ஆண்டில் லினக்ஸ் கருவிற் சேர்க்கப்பட்ட டெவ்கோர்டம்ப் என்னும் ஏற்பாடே நம் வினாவைக் கூர்மையாக்கியது. வரைகலை அட்டை, கம்பியில்லா வலையமைப்பு அட்டை போன்ற சாதனங்கள் முறியும்போது அவற்றின் நிலையை இது முதன்மை நினைவகத்தில் வைத்திருக்கும். எடுத்துச்செல்ல எவரும் வராவிடின் ஐந்து நிமிடத்தில் அழித்துவிடும். வட்டில் அன்றி நினைவகத்தில் இருப்பதால் இடம் அரிது. இது நியாயமான காரணமே. இன்னொரு விதியும் உண்டு: ஒரு சாதனத்தின் பதிவொன்று காத்திருக்கையில் அதே சாதனம் மீண்டும் முறிந்தால், பின்னையது ஏற்கப்படாது. ஆகவே காலத்தை நீட்டினால் முதற் பழுது காக்கப்படும், அடுத்தது இழக்கப்படும். முதற் பழுதே மூலகாரணத்துக்கு அண்மையிலுள்ளது என்பதால் இவ்விதி சரியானதென்றே நான் கருதுகிறேன். யுனிக்ஸின் பழைய வழக்கம் இதற்கு நேர்மாறானது.

ஐந்து நிமிடம் என்னும் அளவு, சேகரிக்கும் நிரலொன்று எப்போதும் வாயிலில் காத்திருக்கும் என்ற எண்ணத்தில் எழுந்தது. 2022இல் அதனைப் பத்து நிமிடமாக்கும் யோசனை வந்தது. பதிவு பெரிதாகவும் படித்தல் மெதுவாகவும் இருந்தால், படித்து முடியுமுன்னரே அழிவு நேர்கிறது என்பது வாதம். 2024இல் ஒவ்வொரு சாதன மென்பொருளும் தன் கால எல்லையைத் தானே குறிக்க வழி செய்யப்பட்டது. இன்ரெலின் புதிய வரைகலை மென்பொருள் ஒரு மணி நேரத்தைத் தெரிந்துகொண்டது. அதற்குக் கூறப்பட்ட காரணம் சிறப்பானது: சாதாரண பயனர் ஒருவர், தாம் என்ன செய்ய வேண்டுமென்று தேடி அறிந்து பதிவை எடுத்தனுப்புவதற்கு ஐந்து நிமிடம் போதாது. கணக்கினுள் மனிதன் புகுந்த இடம் இதுவே.

வானூர்தித் துறையோ இதே பாடத்தை உயிர் கொடுத்துக் கற்றது. கொமெற் விமான விபத்துகளை ஆராய்ந்த காலத்தில் அவுஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன் கறுப்புப் பெட்டிக்கான எண்ணத்தை முன்வைத்தார். நீரடியிலிருந்து ஒலியெழுப்பும் அதன் கருவி 30 நாட்களுக்கே ஆற்றல் கொண்டிருந்தது. 2009 ஜூன் முதலாம் நாள் அத்திலாந்திக்கில் வீழ்ந்த எயார் பிரான்ஸ் 447இன் பெட்டிகள் 2011 மே மாதத்திலேயே, ஏறத்தாழ 3,900 மீற்றர் ஆழத்தில் அகப்பட்டன. ஒலி எப்போதோ அடங்கியிருந்தது, பதிவு அழியாதிருந்தது. பின்னர் 30 நாள் 90 நாளாயிற்று. விமானியறைக் குரற்பதிவும் 30 நிமிடச் சுழற்சியிலிருந்து இரண்டு மணியாக வளர்ந்தது. அதுவும் போதவில்லை. 2024 ஜனவரி 5ஆம் நாள் அமெரிக்காவில் அலாஸ்கா எயர்லைன்ஸ் விமானமொன்றின் கதவடைப்புப் பலகை வானிற் பறந்தது; விமானம் பாதுகாப்பாக இறங்கியது. ஆனால் பதிவுக்கருவியின் மின்னாளியை எவரும் உரிய வேளையில் நிறுத்தாமையால் குரற்பதிவு தன்மேல் தானே எழுதி அழிந்தது. அவ்வாண்டே 25 மணி நேரப் பதிவை அமெரிக்கச் சட்டம் வேண்டியது. ஐரோப்பா புதிய விமானங்களுக்கு அதனை ஏற்கெனவே விதித்திருந்தது.

அப்படியாயின் எல்லாவற்றையும் என்றும் பேணலாமே எனலாம். அது தவறு. நினைவகப் பதிவில் கடவுச்சொல்லும் மறைகுறிச் சாவியும் அகப்பட்டிருக்கக்கூடும். 2023இல் மைக்ரோசொப்ற்றின் கையொப்பச் சாவியொன்று களவுபோன செய்தி வெளியானது. 2021இல் எழுந்த கிராஷ் டம்ப் ஒன்றின் வழியே அது வெளியேறியிருக்கலாமென்று அந்நிறுவனம் முதலில் விளக்கியது. 2024 மார்ச்சில், சாவியடங்கிய அத்தகைய பதிவு எதனையும் தாம் காணவில்லை எனத் திருத்தியது. விசாரணைக்கு வேண்டிய சில நிகழ்வுக் குறிப்புகள் பேணற்காலம் முடிந்தமையால் இருக்கவுமில்லை. பேணியதே ஆபத்தோ என்ற ஐயமும், பேணாமையால் அதனைத் தீர்க்கவியலா நிலையும் ஒரே வழக்கில் நிற்பதைக் காண்க.

ஆகவே முழுப்பதிவும் அதன் சுருக்கமும் வேறுவேறாக நோக்கப்பட வேண்டியவை. எவ்விடத்தில், எந்நேரத்தில், எவ்வகைப் பழுது என்னும் சில வரிகள் பல மாதங்கள் இருக்கலாம். அவற்றில் இரகசியம் குறைவு, இடமும் சிறிது. முழுப்பதிவை நினைவகத்தினின்றும் வட்டுக்கு மாற்றிப் பூட்டிவைத்து, படிப்போர் படித்தபின் அழிப்பதே தகும். லினக்ஸ் கணினிகளில் வழங்கும் சிஸ்டம்டி, வட்டிலுள்ள நிரற்பதிவுகளுக்கு இயல்பாகக் குறித்திருந்த மூன்று நாள் எல்லையை இரண்டு வாரமாக நீட்டியமை இத்திசையிலேயே சென்றது. இரண்டு வாரம் நகரத்துக்குப் போதும். எமது பக்கத்துப் பாடசாலையொன்றில் கணினி பழுதுற்றால் திருத்துவோர் வரவே ஒரு தவணை செல்வதுண்டு. மழைக்காலமாயின் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஐந்து நிமிடம் என்பது, யாரோ வேறொரு நாட்டு மேசையிலிருந்து அளந்த காலம்.

இரணைதீவுக் கடலடியிலிருந்து 2013ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட ஆடைகளும் பிற பொருட்களும் பின்னர் யாழ்ப்பாணத்தில் உறவினர் அடையாளங் காண்பதற்காக வைக்கப்பட்டன. உப்புநீரில் 14 ஆண்டுகள் கிடந்த துணிகளைப் பார்ப்பதற்கு மக்கள் வந்தனர்.