கேலிக் கோடும் ஓடும் படமும்

காரைக்கால் பகுதியைச் சேர்ந்த நெரவி என் ஊர். அதற்கு அண்டை ஊர் திருமலைராயன்பட்டினம். 15ஆம் நூற்றாண்டில் காளமேகப் புலவர் திருமலைராயன் அவையில் அதிமதுர கவிராயரோடு வாதுபுரிந்ததும், தம்மை மதியாத அவ்வூரின்மீது மண்மாரி பெய்யுமாறு வசை பாடியதும் எங்கள் பக்கத்தில் இன்றும் கதையாக வழங்குகின்றன. கதை எவ்வளவு மெய் என்பதை ஆராய்வார் ஆராயட்டும். அரியணையில் அமர்ந்தவனைக் கண்டு நகைக்கும் துணிவு அதில் இருக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான். காளமேகத்தின் கருவி சொல். கோட்டைக் கருவியாகக் கொண்டவர்களைப் பற்றியும், அந்தக் கோடு திரையில் எழுந்து ஓடத் தொடங்கிய பிறகு அத்துணிவுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றியும் இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன்.

எங்கள் பகுதியை நெடுங்காலம் ஆண்ட பிரெஞ்சுக்காரரின் நாட்டிலிருந்தே தொடங்க வேண்டும். 1831-இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்றில் சார்ல் பிலிப்போன் என்ற பத்திரிகையாளர் குற்றவாளியாக நின்றார். மன்னர் லூயி பிலிப்பை இழிவாகச் சித்திரித்தார் என்பது வழக்கு. பிலிப்போன் நான்கு படங்களை வரைந்து காட்டினார். முதற்படம் மன்னரின் முகம். இரண்டாவதும் மூன்றாவதும் சிறிது சிறிதாக உருமாறிய முகங்கள். நான்காவது வெறும் பேரிக்காய். 'இவற்றுள் எந்தப் படத்தில் குற்றம் தொடங்குகிறது?' என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். சிறைத்தண்டனை தப்பவில்லை, ஆயினும் மன்னர் அதன்பின் பேரிக்காயாகவே நிலைத்துவிட்டார். ஒன்றன்பின் ஒன்றாக மாறும் அந்த நான்கு படங்களைக் காணும்போதெல்லாம், ஓடும் சித்திரத்தின் கரு அங்கேயே உருவாகிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

அரசு வாளா இருக்கவில்லை. 1835-இல் படங்களுக்கு முன்தணிக்கை வந்தது. பின்னர் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் இன்னும் வேடிக்கையான நிலை: ஒருவரைக் கேலியாக வரைய வேண்டுமானால் அவரிடமே எழுத்து மூலம் இசைவு பெற வேண்டும்! பெருந்தலையும் சிற்றுடலுமாகப் பிரமுகர்களை வரைவதில் வல்லவரான ஆந்திரே கில், அந்த இசைவுக் கடிதங்களைப் படத்தோடு சேர்த்தே அச்சிட்டார். 1867-இல் அவர் பேரரசரையே ஒரு மர்ம நாவலின் போக்கிரி நாயகனாக வரைந்தார். 'நிலவு' என்னும் பெயருடைய அவர் இதழுக்குத் தடை வந்தது. மறு ஆண்டு அது 'கிரகணம்' என்ற பெயரோடு வெளிவந்தது.

இந்தக் கில்லின் மாணவர்தாம் எமில் கோல். குருவிடம் கோடும் குறும்பும் கற்ற அவர், தம் ஐம்பதாம் வயதை ஒட்டித் திரைப்படத் தொழிலுக்கு வந்தார். ஏறக்குறைய 700 படங்களைக் காகிதத்தில் வரைந்து, ஒவ்வொன்றையும் படக்கருவியால் பிடித்து, கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதியதுபோல் கறுப்பில் வெள்ளைக் கோடாக மாற்றி, இரண்டு நிமிடமும் ஓடாத 'ஃபாண்டாஸ்மகோரி' என்னும் படத்தை ஆக்கினார். அது பாரிஸில் திரையிடப்பட்ட நாள் 1908 ஆகஸ்டு 17.

அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் 'இந்தியா' வார இதழின் மீது அடக்குமுறை பாய்ந்ததும், பாரதியார் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்ததும் அதே 1908-இல்தான். அக்டோபரில் அவ்விதழ் புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவரலாயிற்று. தமிழில் கருத்துப்படத்தை அரசியற் படைக்கலமாக ஆக்கிய இதழ் அது. ஆங்கில ஆட்சியாளரும் மிதவாதத் தலைவர்களும் அதில் கேலிக்கு இலக்காயினர். படத்தின் உட்பொருளை வாசகர்க்கு விளக்கும் எழுத்தும் உடன் இருந்தது. எவரிடமும் எவரும் இசைவுக் கடிதம் வாங்கவில்லை! 1881 ஜூலை 29-ஆம் நாளைய பிரெஞ்சு அச்சுரிமைச் சட்டம் படங்களின் முன்தணிக்கையை ஒழித்திருந்தது. அச்சட்டம் குடியேற்றங்களுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதப்பட்டிருந்தது. எனவே கில்லின் வழிவந்தோர்க்குப் பாரிஸில் கிடைத்த நிழல், பாரதியாருக்கு வங்கக் கடலோரத்தில் கிடைத்தது. ஆனால் நிழலின் எல்லை குறுகியது. ஆங்கில இந்தியாவுக்குள் இதழ் செல்லாதபடி வழி அடைபட்டதும், 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோயிற்று. அச்சிட உரிமை இருந்தது. வாசகனிடம் சேர்க்க உரிமை இல்லை.

கோலின் ஓடும் சித்திரமோ கடல் கடந்து அமெரிக்காவில் பெருந்தொழிலாயிற்று. முழுநீளப் படத்துக்கு முன் ஏழு நிமிடம் ஓடும் குறும்படம். நொடிக்கு 24 சட்டங்கள். ஆக ஏழு நிமிடத்துக்குப் பதினாயிரம் சட்டங்கள். இவ்வளவு உழைப்பும் யாரை நகையாடப் பயன்பட்டது? பெரும்பாலும் நடிகர்களை. 1933-இல் வால்ட் டிஸ்னி கூடத்தார் எடுத்த படத்தில், புகழ்பெற்ற நட்சத்திரங்கள் எல்லாம் மிக்கி எலியைக் கொண்டாட வருகிறார்கள். கிரேட்டா கார்போ முத்தமிடுகிறார். விழித்துப் பார்த்தால் நாய் நக்கிக்கொண்டிருக்கிறது! 1938-இல் வந்த மற்றொன்றில் நடிகர்கள் குழந்தைப் பாட்டு மாந்தர்களாகின்றனர். 1941-இல் வார்னர் கூடத்தில் டெக்ஸ் ஏவரி இயக்கிய படம் ஓர் இரவு விடுதியில் நிகழ்வது. அதில் கிளார்க் கேபிள் ஓர் அழகியை விடாது துரத்திச் சென்று பிடிக்கிறார். திரும்பிப் பார்த்தால் அது பெண் வேடமிட்ட கிரௌச்சோ மார்க்ஸ்.

சிரிப்பு வராமலில்லை, நானே பலமுறை சிரித்திருக்கிறேன். ஆனால் கேபிளின் காதைப் பெரிதாக்கினால் கேபிளுக்கு என்ன குறை? விளம்பரந்தான். கில்லின் காலத்தில் சட்டம் கேட்ட இசைவு, இங்கே வணிகத்தின் பெயரால் கேளாமலே கிடைத்தது என்பது என் கருத்து. ஆள்வோர் பக்கம் கோடு கூர்மையாகத் திரும்பியது பெரும்பாலும் அமெரிக்கா 1941 டிசம்பரில் போரில் இறங்கிய பின்னர்தான்; அப்போதும் பகைநாட்டு ஆள்வோர் பக்கமே. 1943-இல் டொனால்டு வாத்து ஹிட்லரின் ஆட்சியில் வெடிகுண்டுத் தொழிற்சாலைக் கூலியாகத் திண்டாடும் படம் ஆஸ்கார் பரிசு பெற்றது. மறு ஆண்டு வார்னர் கூடத்தார் ஹிட்லரையே வானூர்தியில் ஏற்றி, குட்டிச் சாத்தான்களைக் கொண்டு அதைப் பிய்த்தெறியச் செய்தனர். அச்சாத்தான்கள் பலவற்றின் முகம் படக்கூடத்து ஊழியர்களின் முகமே! தம்மையும் வரைந்துகொண்ட அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

இதே கூடங்கள் எளியோரை வரைந்த விதம் வேறு. காப் காலோவே, ஃபாட்ஸ் வாலர் முதலிய கறுப்பினக் கலைஞர்கள் படங்களில் தோன்றினர். ஆயின் கேபிளுக்குக் காதைப் பெரிதாக்கியது போல அவரவர்க்குரிய தனி அடையாளத்தைப் பிடிப்பதோடு கோடு நிற்கவில்லை. பருத்த உதடு, உருண்டை விழி என ஓர் இனம் முழுவதன்மேலும் ஒரே முகமூடியை மாட்டிற்று. பேரிக்காய் ஒரு மன்னனைத்தான் சுட்டியது. இம்முகமூடி தெருவில் நடந்துபோகும் ஒவ்வொருவரையும் சுட்டியது. 1968-இல், உரிமை பெற்றிருந்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் அத்தகைய பதினொரு படங்களைத் தொலைக்காட்சிக்குத் தராமல் நிறுத்திக்கொண்டது.

நம் நாட்டில் இக்கலை வேறு பாதையில் சென்றது. தமிழில் பிரமுகர் கேலி காகிதத்திலேயே செழித்தது. 1930-களில் ஆனந்த விகடனில் மாலி, சங்கீத வித்துவான்கள் அமர்ந்து பாடும் பாங்கைச் சில கோடுகளில் பிடித்துக் காட்டினார். திரையில் ஓடும் சித்திரத்துக்கோ பணமும் ஆளும் மிகுதியாக வேண்டும். 1956-இல் மத்திய அரசின் திரைப்படப் பிரிவில் அதற்கென ஒரு கூடம் ஏற்பட்டது. டிஸ்னியிடம் பணிபுரிந்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி தந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த படம் 'ஆலமரத்து மான்', புத்த சாதகக் கதை ஒன்றைத் தழுவியது. அதில் ஓர் அரசன் வருகிறான். மானின் தியாகத்தைக் கண்டு மனம் திருந்துகிறான். அவன் முகம் எந்த அமைச்சருடைய சாயலிலும் வரையப்படவில்லை.