பெரட்டு மணியும் தொலைந்த உறக்கமும்



முதல் பாடவேளையிலேயே மேசைமீது தலைசாய்த்து உறங்கிய மாணவன் ஒருவனைச் சோம்பேறி என்று கடிந்துகொண்டேன். "பாட்டி மூன்று மணிக்கே எழுந்து விளக்கைப் போட்டுவிடுகிறார், ஐயா" என்றான். அவன் பாட்டி அலோர் காஜா வட்டாரத் தோட்டமொன்றில் நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர். அவர் விழிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் நம் மலாக்காவில்தான் உருவானது. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் அதனைத் தொடங்கினார். வெயில் ஏறினால் மரத்தினுள் நீரழுத்தம் குறையும், பாலும் குறையும். ஆகவே இருள் பிரியும் முன்பே தொழிலாளர் பெரட்டுக்குக் கூடினர். அதற்கும் முன்பே பெண்கள் எழுந்து உலைவைத்தனர். மரமே அவர்களின் கடிகாரம்.

சுவர்க் கடிகாரமோ ஆட்சிதோறும் மாறியது. 1905-இல் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி முன்னதாக இருந்தது. 1933-இல் 20 நிமிடமும் 1941-இல் மேலும் 10 நிமிடமும் கூட்டப்பட்டன. 1942-இல் ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைத் திணிக்க, ஒரே நாளில் ஒன்றரை மணி நேரம் தாவியது. 1945-இல் அது பழைய நிலைக்குத் திரும்பியது. 1982 ஜனவரி 1-இல் சபா, சரவாக்குடன் இணங்கும் பொருட்டு மீண்டும் அரைமணி கூடியது. இன்று அலோர் காஜாவில் கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ 1 மணி 10 நிமிடம் முந்தி நிற்கிறது. பாட்டியை மரம் எழுப்பியது. பேரனை அந்தக் கடிகாரம் இருட்டிலேயே எழுப்புகிறது.

இவ்விருவருக்கும் இருப்பது ஒரே நோயா? அன்று. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும். அவனுக்கு அது கிட்டவில்லை, அவ்வளவே. பாட்டியும் எட்டு மணிக்கே படுத்துப் பகலில் தெளிவாக இருந்தால் அது நோயன்று, பழக்கமே. உறங்க வாய்ப்பிருந்தும் வாரத்தில் 3 இரவுகளேனும், 3 மாதங்களுக்கு உறக்கம் வராமலோ இடையில் கலைந்தோ பகல்பொழுது பாழானால், அதுவே நாட்பட்ட உறக்கமின்மை. உரத்த குறட்டையும் மூச்சுத்திணறலும் வேறு நோயின் அறிகுறிகள். உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

மருத்துவமும் பல படிகளைக் கடந்துள்ளது. 1903-இல் 'வெரோனல்' வந்தது. அளவு மீறினால் உயிரையே பறித்தது. 1960-களில் வந்த மாத்திரைகள் அதனினும் பாதுகாப்பானவை. எனினும் அடிமைப்படுத்தும், முதியோரைத் தடுமாறி விழச்செய்யும். ஆதலால், பெரியவர்களின் நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதலில் பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் சிகிச்சையையே தரவேண்டும் என 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. தூக்கம் வந்த பின்னரே படுத்தல், வராவிடில் எழுந்து அமர்தல், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், மாலைக்குப்பின் தேநீர், காப்பியைத் தவிர்த்தல் ஆகியன அதன் அடிப்படைகள். ஏற்கெனவே மாத்திரை உண்போர் தாமாக நிறுத்தலாகாது.

அம்மாணவனின் தாயாரிடம் பேசினேன். பாட்டி எழும் அறையிலிருந்து அவன் படுக்கை மாற்றப்பட்டது. இரவுத் தொலைக்காட்சியும் நின்றது. பாட்டி இன்றும் மூன்று மணிக்கே எழுகிறார். பெரட்டு மணி ஓய்ந்துவிட்டது. அவர் உடல் இன்னும் அதனைக் கேட்கிறது.

ஆசிரிய நண்பர்களே, உறங்கும் பிள்ளையைக் கடியுமுன் அவன் இரவை வினவுவோம்.