செங்கல் கோட்டையும் ஒரு சிறு பொந்தும்

இங்கிலாந்தின் பழைய மாளிகை என்றால் கருங்கல் கோட்டைதான் என் மனக்கண்ணில் எழுவது வழக்கம். சரித்திரக் கதைகள் படித்துப் படித்து வந்த வினை! நார்போக் மாவட்டத்தில் உள்ள ஆக்ஸ்பரோ மாளிகைக்குப் போனபோதுதான் அந்தப் பிரமை கலைந்தது. நாற்புறமும் அகழி. நீரிலிருந்தே நேராக எழும் சுவர்கள். அத்தனையும் செங்கல்.

அந்தப் பக்கத்தில் நல்ல கட்டடக் கல் கிடைப்பதில்லை. களிமண்ணோ வேண்டிய மட்டும் உண்டு. கடலுக்கு அக்கரையிலிருந்த பிளாண்டர்ஸ் பகுதியில் செங்கல் வேலை அப்போதே தேர்ந்த கலை. அந்த வித்தை கிழக்கு இங்கிலாந்துக்கும் வந்து சேர்ந்தது. 1482-ல் சர் எட்மண்ட் பெடிங்பீல்டு என்பவர், கோட்டைபோல் கைப்பிடி மதில் வைத்துக் கட்டிக்கொள்ள, நான்காம் எட்வர்டு மன்னரிடம் அனுமதி பெற்றார். அக்காலத்தில் செங்கல் வீடு செல்வந்தர்களின் பெருமை.

வாசல் கோபுரம் ஏறக்குறைய 80 அடி உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. ஆனால் சண்டைக்கு உதவுமா? வாயிலுக்கு நேர் மேலே அகலமான ஜன்னல்கள் அல்லவா வைத்திருக்கிறார்கள்! பீரங்கி வந்துவிட்ட காலம் வேறு. வீர வேஷம் என்றுதான் சொல்வேன், அழகான வேஷம். உள்ளே சுழன்று ஏறும் படிக்கட்டின் கைப்பிடியைக்கூடச் சுவரிலேயே செங்கல்லால் இழைத்திருக்கிறான் அந்தக் கொத்தன். அதைத் தடவிக்கொண்டே ஏறினேன்.

இந்த வம்சத்தில் வந்த சர் ஹென்றி, 1554-ல் மேரி ராணியின் கட்டளைப்படி இளவரசி எலிசபெத்தைக் காவலில் வைத்திருந்தவர். நான்கே ஆண்டுகளில் கைதி ராணியாகிவிட்டாள்! பெடிங்பீல்டு குடும்பமோ கத்தோலிக்க மதத்தை விடவில்லை. அரசாங்கத்தின் தயவு போயிற்று. 1585-ஆம் ஆண்டுச் சட்டமோ, வெளிநாட்டில் பட்டம் பெற்று வந்த பாதிரியாருக்கு ராஜத் துரோகக் குற்றம் சாட்டியது. அவருக்குப் புகலிடம் தந்தவருக்கும் தூக்குத்தான்.

கோபுரத்தில் 'அரசர் அறை'யை அடுத்து ஒரு சிறு கழிப்பிடம் இருக்கிறது. தரையில் ஓடு பாவியிருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி சாய்ந்து திறக்கிறது; மூடிவிட்டாலோ வெறும் தரை! கீழே ஓர் ஆள் முடங்கிக் கிடக்கும் அளவுக்குப் பொந்து. காற்றில்லை, வெளிச்சமில்லை. தலைக்கு மேல் சிப்பாய்களின் பூட்ஸ் ஒலி கேட்க, ஒரு பாதிரியார் எத்தனை நாழிகை மூச்சடக்கிக் கிடக்க முடியும்? தும்மல் வந்தால் வீட்டுக்காரர் தலையும் போகும். 80 அடிக் கோபுரத்தைவிட அந்த மூடியைச் செய்தவனிடந்தான் எனக்கு மதிப்பு அதிகம்.

பழைய பெருங்கூடத்தை 1775-ல் இடித்துவிட்டார்கள். 1951-ல் மாளிகையே விலைபோய், இடிபடும் நிலைக்கு வந்தது. குடும்பத்துப் பெண்மணிகள் மூவர் சேர்ந்து மீட்டு, 1952-ல் நேஷனல் டிரஸ்ட் வசம் ஒப்படைத்தார்கள்.

2020-ல் கூரையைப் பழுது பார்த்தபோது பரண் பலகைகளுக்கு அடியில் எலிக்கூடுகள் அகப்பட்டன. பட்டுத் துணிக் கிழிசல்களையும் பழைய காகிதத் துண்டுகளையும் இழுத்து வந்து எலிகள் மெத்தை போட்டிருந்தன! கூரை ஓரத்துக் குப்பையில் 15-ஆம் நூற்றாண்டின் தோல் ஏடு ஒன்று. லத்தீன் சங்கீதம், நீலமும் பொன்னும் இன்னும் மங்கவில்லை. வேறொரு பொந்தில் 1568-ல் அச்சான ஜபப் புத்தகம், அநேகமாக முழுசாகவே இருந்தது.