முல்லைக்கொடியும் இரு திருமுல்லைவாயில்களும்

காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனீச்சரத்தை வழிபட்டுக் கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்வார்க்குத் தென்திருமுல்லைவாயில் எதிர்ப்படும். காவிரி வடகரைத் தலங்களுள் இஃது ஏழாவது, பல்லவனீச்சரம் பத்தாவது. முல்லை காட்டு நிலத்துக்குரிய கொடியன்றோ, அலைவாய்க்கரைக்கு அப்பெயர் எங்ஙனம் வந்ததென ஐயுறுவார் உளர். ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்த சுவாமிகள், பொன்னியின் வடபால் திரைவந்து உலவும் ஊராகவே இதனைப் பாடியருளி, முல்லைவாயில் என்றே பெயரும் கூறினார். ஆதலின் பெயர் அவர் காலத்திற்கு முற்பட்டதென்பது தெளிவு.

கரிகாலன் மைந்தனாகிய கிள்ளிவளவன் தோல்நோய் தீர வேண்டி இவண் வந்தபோது, குதிரைகளின் குளம்புகள் முல்லைக்கொடியிற் சிக்கின. கொடியை வாளால் வெட்டியவிடத்துக் குருதி பெருக, உள்ளே சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது தலவரலாறு. ஆயின் சம்பந்தர் பதிகத்தில் இச்செய்தி இல்லை. கிள்ளி என்னும் பெயரினர் சோழருட் பலராதலின், பெயரொப்புமை ஒன்றே கொண்டு காலம் வரையறுத்தலும் பொருந்தாது.

தொண்டைநாட்டு வடதிருமுல்லைவாயிலின் நிலை வேறு. தொண்டைமானது களிறு முல்லைக்கொடியாற் கட்டுண்டமையை நம்பியாரூரர் தம் பதிகத்திலேயே எடுத்தோதுகின்றார். எனவே அவ்வரலாறு பிற்காலப் புராணத்திற் புனைந்ததன்று. சுந்தரர் காலத்தே நாடறிந்ததொன்று. தெற்கின் வரலாறு வடக்கினின்று வந்ததோ எனின், அவ்வாறு துணிதற்கும் சான்று இல்லை. முல்லைவனநாதர் என்னும் திருநாமம் தஞ்சைப் பகுதித் திருக்கருகாவூரிலும் வழங்குகின்றது. அங்கு இலிங்கத் திருமேனியிற் கொடி சுற்றிய வடு உண்டு. நீர் முழுக்கின்றிப் புனுகே சாத்துவர்.

சுந்தரர் அப்பதிகம் பாடிய வேளையை அன்பர்கள் நினைவுகூர வேண்டும். சங்கிலியார்க்கு அளித்த சூளுறவைப் பிழைத்து, கண்ணொளி இழந்து, திருவொற்றியூரை நீங்கி வழிதேடிச் செல்லும் வேளை அது. தம் துயர் களையுமாறு இரந்து பாடுமிடத்து அவர்க்குக் கொடியாற் கட்டுண்ட களிறு நினைவுக்கு வருகின்றது. சூளுறவாற் கட்டுண்டவர் அவரும் அல்லரோ! அடுத்துத் திருவெண்பாக்கத்தில் அவர் பெற்றது கண் அன்று; ஊன்றுகோலே. கொடிக்குக் கொம்பு கிடைத்தவாறு அது.

மணிவாசகப் பெருமானும் நீத்தல் விண்ணப்பத்தில் தம்மைக் கொம்பற்ற கொடியோடு ஒப்பிட்டு வருந்துகின்றார். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது நம் சித்தாந்தம். கொடி முள்மரத்தைப் பற்றினும் முள்ளோடே படரும். தேரைப் பற்றினும் தேர்மேலே படரும். பறம்பிற் பாரி தேரீந்தது கொடியின் அவ்வியல்பு கண்டேயாம். அவ்வள்ளலைச் சுந்தரர் திருப்புகலூர்ப் பதிகத்திற் கொடைக்கு எல்லையாகக் கூறுதலும் ஈண்டு நினைக்கத்தகும்.

ஆயினும் கொடியை உயிருக்கே உவமையாக்கி நிறுத்தல் போதாது. தலவரலாற்றிற் கொடி தானே கட்டுகின்றது. தானே இலிங்கத்தை மறைக்கின்றது. அதனை வெட்டியவிடத்தே இறைவன் வெளிப்படுகின்றான். மறைத்தலும் அருளேயென்று கூறி, பாசத்தைச் செலுத்துதல் பற்றித் திரோதான சத்தியை மலமென உபசரிப்பர் சித்தாந்த ஆசிரியர். அதற்கு இக்கொடியினும் நேரிய எடுத்துக்காட்டு எளியேன் கண்டிலேன். வடதலத்து அம்மை கொடியிடை நாயகி. தென்தலத்து அம்மை அணிகொண்ட கோதை. பின்னைய திருநாமம் சம்பந்தர் பதிகத்துத் திருக்கடைக்காப்பிலேயே அமைந்துள்ளது.