ஆயிரம் வாலாவும் திருமங்கலம் ஃபார்முலாவும்

போன வாரம் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய மாணவியைப் பார்த்தேன். அவர் சொன்ன ஒரு வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கே இப்போது ஐம்பது ஆகப்போகிறது.

நம்ம பக்கத்து ஆட்களுக்குக் கணக்கும் அரசியலும் சினிமாவும் தனித்தனி கிடையாது. மூன்றையும் கலந்து ஒரு வார்த்தை செய்துவிடுவார்கள். 1963-இல் காமராஜர் கொண்டுவந்த திட்டத்துக்கு 'கே பிளான்' என்று பெயர் விழுந்தது. பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போகவேண்டும் என்பது திட்டம். ஆறு மத்திய அமைச்சர்கள், ஆறு முதலமைச்சர்கள் விலகினார்கள். அந்த ஆறு முதல்வர்களில் அவரும் ஒருவர். நேர் மாறல் பாடம் நடத்தும்போது நான் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. ஒய் மாறும், எக்ஸ் மாறும், 'கே' மட்டும் மாறாது, அது மாறிலி, அது விருதுநகர்க்காரர் என்பேன். வருஷாவருஷம் அதே ஜோக். நீங்களும் பாவம், சிரித்தீர்கள்.

1967 தேர்தலில் எனக்கு வயது பதினைந்து. 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று ரூபாய்க்கு அரிசிக் கணக்கு சுவரெல்லாம் இருந்தது. பள்ளிக்கூடம் பக்கமே போகாத எங்கள் அப்பத்தா, "லட்சியத்துல நிச்சயம் போக மீதி ரெண்டு படி எங்கடா?" என்று கேட்டது. இதைவிட நல்ல கழித்தல் கணக்கு நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அந்தத் தேர்தலில்தான் விருதுநகரில் காமராஜர் 1285 ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் பெ. சீனிவாசன், மாணவர் தலைவர். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறாத காலம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தியை அப்படி எதிர்த்த மாவட்டத்தில் பட்டாசுக் கடைப் பலகையில் 'ஆயிரம் வாலா' என்றுதான் எழுதியிருக்கும். சரவெடி என்ற அழகான சொல் இருக்க, தமிழ் எண்ணோடு இந்தி விகுதி ஒட்டிக்கொண்டது. நூறு வாலா, ஐயாயிரம் வாலா, பத்தாயிரம் வாலா. சின்னப் பிள்ளைகள் அதை 'வால்' என்றே நினைத்தன. நீளமாகத் தொங்குகிறதல்லவா, தப்பில்லை.

1989-இல் எட்டாம் வகுப்பு. 'கரகாட்டக்காரன்' வந்திருந்த வருஷம். இரண்டு வாழைப்பழத்தில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் காட்டும் கணக்கை வகுப்பில் ஒவ்வொருவனும் செய்துகாட்டினான். வீட்டுப்பாடம் பாதி செய்துவிட்டு வருகிறவனுக்கு 'வாழைப்பழக் கணக்கு' என்று பெயர் வைத்தோம். அப்போது ஒரு பையன், அரசியல் கூட்டத்துக்குப் பத்து லட்சம் பேர் வந்ததாகப் பேப்பரில் படித்தேன் என்றான். பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் பிள்ளை மெதுவாகச் சொன்னது: "அது வாலா கணக்கு சார். ஆயிரம் வாலால ஆயிரம் இருக்காது."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். அன்றிலிருந்து ஊதிப் பெருக்கிச் சொன்ன எண்ணெல்லாம் வாலா கணக்கு. போஸ்டரில் போடும் படத்தின் வசூல், கல்யாணத்துக்கு வந்த கூட்டம், மாப்பிள்ளையின் சம்பளம் எல்லாம். அந்தச் சொல் எனக்கு அவ்வளவு பிடித்துப்போய் ஆசிரியர் அறை வரைக்கும் கொண்டுபோனேன். ஆனால் அதே பிள்ளை பரீட்சைத் தாளில் 'வாலா' என்று எழுதியபோது சிவப்பு மையில் அடித்து 'சரவெடி' என்று திருத்தினேன். தமிழ்ப்பற்று! முழு ஆண்டுத் தேர்வுக்கு அந்தப் பிள்ளை வரவில்லை. பயராபீஸுக்குப் போய்விட்டது என்றார்கள். பதினாலு வயதுக்குக் கீழே பட்டாசு, தீப்பெட்டி வேலையில் வைக்கக்கூடாது என்று 1986-லேயே சட்டம் வந்தாயிற்று. 1996-இல் சிவகாசிக் குழந்தைகளுக்காகவே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்டவேண்டும் என்றது. அந்தப் பிள்ளைக்கு அதெல்லாம் எட்டாத தூரம்.

அடுத்த பெரிய வார்த்தை 2009-இல் பிறந்தது. ஜனவரி 9, திருமங்கலம் இடைத்தேர்தல். மதுரை மாவட்டமானாலும் அந்த வருஷத்திலிருந்து நம்ம விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிற ஊர். ஓட்டுக்குத் துட்டு என்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று நாடே பேர் வைத்தது. நாங்கள் பாடத்தில் 'சூத்திரம்' என்று எழுதி என்ன பயன், ஃபார்முலாதான் நின்றது. 2011-இல் விக்கிலீக்ஸில் வெளியான அமெரிக்கத் தூதரகக் குறிப்பிலேயே அந்த இடைத்தேர்தல் இடம்பிடித்தது. நான் ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்தது. நேர் மாறல் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருவன் எழுந்து, "சார், எக்ஸ்னா கவர், ஒய்னா ஓட்டு, சரியா?" என்றான். இன்னொருவன் உட்கார்ந்தபடியே, "கே-யைத்தான் சார் காணோம்" என்றான். பாடத்தை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

இந்தச் சொற்களுக்கு ஆயுசு கெட்டி. மோசடிக்கு 420 என்பது பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவு. ராஜ்கபூர் 1955-இல் படத்துக்கே அந்த எண்ணை வைத்தார். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து அது 318 ஆகிவிட்டது. யாராவது யாரையாவது '318' என்று திட்டிக் கேட்டிருக்கிறீர்களா? அதே மாதிரி 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டது. வாலா போய்விட்டது, 'ஆயிரம் வாலா மாதிரி வெடிக்கிறான்' என்பது போகவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பார்த்தது அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணைத்தான். "சார், நல்லாருக்கீகளா? வாலா கணக்கு ஞாபகம் இருக்கா?" என்றார். மகள் இன்ஜினியரிங் முடித்து வேலைக்குப் போகிறாளாம். தடைக்கு முன்புவரை சரம் பின்னும் வேலைதானாம். விரல் நுனியெல்லாம் இன்னும் சாம்பல் நிறம். "உன் வார்த்தையை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்மா" என்று பெருமையாகச் சொன்னேன்.

"நல்லாத்தான் சிரிச்சோம் சார். ஆனா ஆயிரம் இருக்காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்னு நீங்க கேக்கவே இல்லையே. லீவு நாள்ல நானே பின்னுனது சார் அது."

சாத்தூர் பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார்.

உங்கள் வகுப்பில் பிறந்த வார்த்தை ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். யார் சொன்னது, அப்போது அவர்கள் வீட்டில் என்ன வேலை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.