வடக்கன்குளத்துச் சுவர்: மன்னிப்பும் பரிகாரமும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

தவக்காலம் வந்துவிட்டால் நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் பாஸ்கா பற்றிய பேச்சு தொடங்கிவிடும். அங்குள்ள பெரியநாயகி மாதா கோவில் 1747இல் கட்டப்பட்டது. வீரமாமுனிவர் பணி செய்த ஊர் அது. பாடுகளின் கதையில் கல் மனதையும் கரைப்பது, சிலுவையில் தொங்கிக்கொண்டே இயேசு தம்மைக் கொல்பவர்களை மன்னிக்கும் இடம்தான்.

மன்னிப்பவரின் பெருமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மன்னிப்புக் கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அதைப் பற்றி நம் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் திருச்சபையின் போதனையைப் பார்ப்போம். பாவசங்கீர்த்தனம் என்று நம் பெரியவர்கள் சொன்ன ஒப்புரவு அருட்சாதனத்தில், பாவம் செய்தவர் பங்குக்கு மூன்று காரியங்கள் உண்டு. மனம் வருந்துதல், அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல். 1551இல் திரெந்து பொதுச்சங்கம் இம்மூன்றையும் தெளிவாக எடுத்துரைத்தது. திருடியவர் குருவானவரிடம் சொல்லி அழுதால் மட்டும் போதாது, பொருளை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். லூக்கா நற்செய்தியில் வரும் சக்கேயு இதற்குச் சரியான உதாரணம். தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அவர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். மீட்பு அவர் வீட்டுக்கு வந்தது என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகுதான்.

இனி வடக்கன்குளத்துக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள பழைய கிறிஸ்தவ ஊர் அது. திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை 1745இல் அங்கேதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியவர். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும்.

அப்படிப்பட்ட ஊரில் 1872இல் எழுந்த கோவில் எப்படி இருந்தது தெரியுமா? பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் பகுதி இரண்டு. கால்சட்டையின் இரண்டு கால்கள் போல இரு கூடங்கள் பிரிந்து போயின. ஒன்றில் வேளாளர் முதலான சாதியார், மற்றொன்றில் நாடார் முதலான மற்றவர்கள். நடுவே சுவர். ஒரே பூசையை எல்லாரும் கண்டார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. சாதியாரின் பிடிவாதத்துக்கு இணங்கி இந்தக் கோவிலைக் கட்டியவர்கள் ஐரோப்பியக் குருக்கள். தவறு இரு தரப்பிலும் இருந்தது.

ஏறத்தாழ 40 ஆண்டுகள் அந்தச் சுவர் நின்றது. அத்தனை ஆண்டுகளும் அந்த ஊரார் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள், நற்கருணை வாங்கினார்கள், தவக்காலம் அனுசரித்தார்கள். சுவர் மட்டும் அப்படியே இருந்தது. நான் அடிக்கடி யோசிப்பது இதைத்தான். தனித்தனியாக எல்லாரும் பாவமன்னிப்புப் பெற்றுக்கொண்டே, ஊராகச் சேர்ந்து ஒரு பாவத்தைக் கட்டிக் காக்க முடிகிறது!

1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சாதியார் சும்மா இருக்கவில்லை, நீதிமன்றம் போனார்கள். வடக்கன்குளம் அப்போது திருச்சி மறைமாவட்டத்தில் இருந்ததால், சென்னை உயர்நீதிமன்றம் வரை போன அந்த வழக்குக்குத் திருச்சி ஆயர் பர்த்தின் பெயரே வந்தது. மைக்கேல் பிள்ளை எதிர் பர்த் என்பது வழக்கின் பெயர். சாதியைச் சொல்லிக் கோவிலில் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று.

கவனியுங்கள், திருச்சபை அங்கே வருத்தம் தெரிவித்ததோடு நிற்கவில்லை. தான் கட்டியதைத் தானே இடித்தது. வழக்கு, பகை, செலவு எல்லாவற்றையும் தாங்கியது. பரிகாரம் என்றால் தவறு செய்தவர் கையைவிட்டு ஏதாவது போக வேண்டும். ஒன்றும் இழக்காமல் கேட்கும் மன்னிப்பு வாய்வார்த்தைதான்.

பிற்காலத்தில் வார்த்தைகளும் வந்தன. 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் பிள்ளைகள் வரலாற்றில் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் பொது மன்னிப்பு வேண்டினார். 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, தலித் மக்கள் திருச்சபைக்குள்ளேயே பாகுபாட்டை அனுபவிக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் ஆனார். நல்ல காரியங்கள்தான். ஆனால் நமக்குப் பக்கத்தில், திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் சாதியால் பிரித்த சுவருக்கு எதிராக நம் காலத்திலேயே போராட்டம் நடக்க வேண்டியிருந்ததையும் மறக்கக் கூடாது.

"பழசையெல்லாம் மன்னித்து மறந்துவிட வேண்டியதுதானே" என்று சிலர் சொல்வதுண்டு. மன்னிப்பது காயப்பட்டவரின் உரிமை. காயப்படுத்தியவர் அதை அவசரப்படுத்த முடியாது. உன்மேல் உன் சகோதரருக்கு மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு முதலில் அவரிடம் போ என்பது இயேசுவின் போதனை. நடந்து போக வேண்டியவர் யார் என்பதில் அங்கே குழப்பமே இல்லை.

பிள்ளைகளே, உங்களில் எல்லாச் சாதியாரும் உண்டு, எல்லாச் சமயத்தாரும் உண்டு. வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நீங்கள். இன்று ஊர்ப் பெரியவர்களாகவும் திருவிழாக் கமிட்டிக்காரர்களாகவும் ஆகியிருப்பீர்கள். உங்கள் ஊரில் சப்பரம் எந்தத் தெருவரை போகிறது, எந்தத் தெருவுக்குப் போகாமல் திரும்புகிறது என்று பாருங்கள். யாரிடம் வரி வாங்குகிறார்கள், யாரிடம் வாங்குவதில்லை என்று கேளுங்கள். இறந்தவர்களை எங்கே புதைக்கிறார்கள் என்று பாருங்கள். நம் தலைமுறை இடிக்க வேண்டிய சுவர் எது என்பது தெரிந்துவிடும்.

உங்கள் ஊர் நிலவரத்தைக் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்