வீட்டில் 2 கம்ப்யூட்டர் இருக்கா? பென் டிரைவ் இல்லாமல் ஃபைல் ஷேர் செய்வது எப்படி?

லேப்டாப்பில் இருக்கும் போட்டோக்களை டெஸ்க்டாப்பில் பார்க்க பென் டிரைவைத் தேட வேண்டாம். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும்.

எப்படி செய்வது?

விண்டோஸ் செட்டிங்ஸில் வீட்டு வைஃபையை 'பிரைவேட்' என மாற்றி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்யணும். பிறகு ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், ஷேரிங் சென்று யாருக்கு அனுமதி என்பதைத் தேர்வு செய்யலாம். மற்ற கம்ப்யூட்டரில் ஃபைல் எக்ஸ்புளோரரின் 'நெட்வொர்க்' பகுதியில் ஃபோல்டர் தெரியும். அது பாஸ்வேர்டு கேட்டால், ஷேர் செய்த கம்ப்யூட்டரின் அக்கவுண்ட் பாஸ்வேர்டைக் கொடுக்கணும். பின் நம்பர் செல்லாது.

ஆபத்து என்ன?

இந்த வசதி எஸ்எம்பி என்ற முறையில் இயங்குகிறது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ், இதன் பழைய வெர்ஷனில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு பிட்காயினில் பணம் கேட்டது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளும் முடங்கின. இத்தனைக்கும் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது.

கவனிக்க வேண்டியவை

* அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க.
* பார்க்க மட்டும் என்றால் 'ரீட்' அனுமதி போதும். மற்ற கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தாலும், அங்கிருந்து இந்த ஃபைல்களை மாற்ற முடியாது.
* வெளியிடங்களின் வைஃபையில் 'பப்ளிக்' தான் பாதுகாப்பு.
* முக்கிய போட்டோக்களுக்குத் தனியாக ஒரு காப்பி இருக்கட்டும்.